துக்கத்தினாலே தூங்கினவர்

எங்க அக்கா முன்னாடி ‘பழைய ஏற்பாடு’ன்னு வாய் தவறிச் சொல்லிட்டா போதும், அன்னைக்கு உங்களுக்கு விமோசனம் கிடையாது. “எது பழசு? ஆறிப்போன காப்பியா அது? இயேசு சின்ன வயசுல உட்கார்ந்து படிச்ச வேதம் அதுதான். அவருக்குப் பழசாத் தெரியல, உங்களுக்கு மட்டும் பழசாயிடுச்சா?”ன்னு ஆரம்பிச்சுடுவா. எங்க பாஸ்டரே ஒரு தடவை வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டார். அன்னையிலிருந்து அவரும் ‘எபிரெய வேதம்’னுதான் சொல்றார். அக்கா இருக்கிற இடத்துல மட்டும்.

அவளுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில. இருபத்தாறு வருஷம் ஆச்சு. லென்ஸோட ஓரத்தைத் தேய்க்கிற மெஷின்ல ஆரம்பிச்சு, பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, இப்போ கண் பார்க்கிற அறை முழுசும் அவ ராஜ்ஜியம். ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு சுவத்துல எழுத்துப் பலகை, எதிர்ப்பக்கம் உயரமான நாற்காலி, பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி நிறைய வட்ட வட்டமா லென்ஸ். வர்றவங்க மூக்கு மேல கனமான ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டுவா. ஒரு கண்ணை மறைச்சுட்டு, மறு கண்ணுக்கு ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து, இன்னொண்ணைப் போட்டு, “முதல்ல போட்டது தெளிவா, இதுவா?”ன்னு கேட்பா. அப்புறம் அடுத்த கண்ணு. கடைசியில ரெண்டையும் திறந்துவிட்டு, “இப்போ சேர்த்துப் பாருங்க” அப்படிம்பா. வாசல் வரைக்கும் ஆள் நின்னாலும் அவசரப்பட மாட்டா. ‘அவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாம நம்பர் எழுதிட்டா, அது நம்ம கண்ணாடி, அவங்க கண்ணாடி இல்ல’ங்கிறது அவளோட சட்டம்.

வேதம் படிக்கிறதும் அதே கணக்குத்தான். காலையில ஆறு மணிக்கு எங்க சமையலறை மேஜையில ரெண்டு வேதப் புத்தகம் விரிஞ்சு கிடக்கும். வலது பக்கம் சுவிசேஷம், இடது பக்கம் எபிரெய வேதம். இடதை ஒரு சாப்பாட்டுத் தட்டால மூடிட்டு வலதைப் படிப்பா. வலதை மூடிட்டு இடதைப் படிப்பா. அப்புறம் தட்டை எடுத்துட்டு, ரெண்டையும் சேர்த்துப் படிப்பா. “ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது” அப்படிம்பா. படிச்சதை ஒரு கோடு போட்ட நீள நோட்டுல, நடுவுல ஸ்கேல் வச்சுப் பிரிச்சு, இடமும் வலமுமா எழுதி வைப்பா. ஏழு நோட்டு சேர்ந்திருக்கு. எல்லாத்துக்கும் காக்கி அட்டை.

அதுக்கப்புறம் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருவா. படிச்சதுல ஒரே ஒரு வார்த்தையை எடுத்துக்குவா. அன்னைக்கு முழுக்க, லென்ஸ் துடைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிக்கும்போதும், அந்த வார்த்தை அவ நாக்கு அடியில மிட்டாய் மாதிரி கிடக்கும். அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வீட்டுல குழாய் திறக்கக் கூடாது, கதவு சாத்தக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. வாயில பல்பசை நுரையோட நான் தூண் மாதிரி நின்ன நாளெல்லாம் உண்டு. நான் அவளோட தங்கச்சி. கல்யாணம் பண்ணிக்கல, மாடி அறையில இருக்கேன், பஸ் நிலையத்துல டிக்கெட் கவுண்டர்ல உட்கார்றேன். பக்தியில அரைகுறை. ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடும்போது, யார் மூடலைன்னு பார்க்கிற ரகம்.

கவுண்டர் வேலையை எனக்கு வாங்கிக் குடுத்தது அத்தான், அக்கா வீட்டுக்காரர். பஸ் டிரைவர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அவர் வேதத்தைத் தனியா எடுத்துப் படிக்கிறவர் இல்ல. அக்கா சத்தமாப் படிக்கும்போது ஓரமா உட்கார்ந்து ஷூ துடைச்சுக்கிட்டே கேட்பார். கேட்டுட்டு ஒரே ஒரு வரி சொல்வார், நாங்க சிரிச்சு உருளுவோம். அக்காவோட நீள நீளமான விளக்கத்துக்கு நடுவுல அந்த வீட்டுல காத்து வந்தது அவரால.

போன மழைக்காலத்துல, பாலத்துக்கு இறங்குற செங்குத்தான சாலையில அவர் பஸ்ஸுக்கு பிரேக் போயிடுச்சு. உள்ள முப்பத்தாறு பேர். கீழ பள்ளிக்கூடம் விடுற நேரம். மனுஷன் பதறல. ஒரு கிடங்கோட மதில் மேல பஸ்ஸை உரசி, உரசி, இருநூறு மீட்டர் தேய்ச்சே நிறுத்திட்டார். ஒருத்தருக்குக் கை சுளுக்கு, அவ்வளவுதான். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. டிப்போவுல கைதட்டினாங்க. “மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு”ன்னு அந்தப் போட்டோவைப் பார்த்துச் சொன்னார். நாலாம் நாள் படுத்தவர்தான், எழுந்திருக்கல.

காய்ச்சல் இல்ல, வலி இல்ல. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு உடம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டார். ஆனா தூக்கம். காலையில தூக்கம், மத்தியானம் தூக்கம். பாத்ரூமுக்கு எழுந்திருப்பார், ரெண்டு வாய் சாப்பிடுவார், சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துடுவார். சவரம் பண்றது நின்னு போச்சு. பேச்சுக் குடுத்தா கிணத்துல போட்ட கல்லு. மூணு வாரம் ஆனதும் டிப்போவிலிருந்து கடிதம் வந்துச்சு. வர்ற திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஜராகணும், இல்லைன்னா வேலையை விட்டதா எடுத்துக்குவோம்னு. அவருக்கு ஸ்டியரிங்கை விட்டா வேற தொழில் தெரியாது. அதைப் பிடுங்கிட்டா இவர் நிரந்தரமா அந்தக் கட்டில்லயே தங்கிடுவார்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா பயப்படல. அவளுக்குப் பயம்னு ஒண்ணு வந்தா உடனே ரெண்டு புத்தகத்தை விரிச்சுடுவா. புதன்கிழமை காலையில வலது பக்கம் மாற்கு, இடது பக்கம் யோனா. “இங்க பாருடி. ரெண்டு படகு, ரெண்டு புயல். ரெண்டுலயும் ஒருத்தர் தூங்குறார். ரெண்டு பேரையும் படகுக்காரங்க வந்து உலுக்கி எழுப்புறாங்க. ரெண்டுலயும் கடைசியில கடல் அடங்குது.”

“சரி, அதுக்கு?”

“ஆனா தூக்கம் ஒண்ணு இல்ல. யோனா தூங்குறது ஓடிப்போற தூக்கம். போகச் சொன்ன ஊருக்குப் போகாம, அடித்தட்டுல போய் ஒளிஞ்சுக்கிட்டான். இயேசு தூங்குறது நம்பிக்கைத் தூக்கம். தலையணை வேற வச்சிருக்கார், பாரு. எதுக்கு மாற்கு அந்தத் தலையணையை எழுதினார்? அவசரத்துல கண்ணசந்தவர் இல்ல, நிம்மதியாப் படுத்தவர்னு காட்டத்தான்.”

நல்லாத்தான் இருந்துச்சு. நான்கூட ஒரு நிமிஷம் மயங்கிட்டேன். அக்கா பேனாவை மூடிட்டு, “இவரோடது நிம்மதித் தூக்கம் இல்லைன்னு உனக்கே தெரியும். அப்போ மிச்சம் என்ன? யோனா”ன்னு முடிச்சுட்டா. ரெண்டு லென்ஸைப் போட்டுப் பார்த்தா, ரெண்டுல ஒண்ணை எழுதிட்டா. பெட்டியில மத்த லென்ஸும் இருக்குங்கிறது அப்போ எனக்கும் தோணல.

அன்னையிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் எங்க வீட்டுல, யோனாவை உலுக்கி எழுப்பின அந்தக் கப்பல் தலைவன் ஆட்சிதான். காலையில திரையைச் சரக்குன்னு இழுப்பா. போர்வையை உருவுவா. “புயல் அடிக்கும்போது தூக்கம் என்ன வேண்டியிருக்கு? எழுந்திருங்க. போகச் சொன்ன இடத்துக்குப் போங்க”ன்னு கட்டில் பக்கத்துல நின்னு யோனாவை முதல்ல இருந்து வாசிப்பா. வெள்ளிக்கிழமை அத்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார், “யோனாவை மீன் முழுங்கினப்புறம் மூணு நாள் யாரும் போய்க் கதவைத் தட்டலையேம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூணு வாரத்துல அவர் சொன்ன முதல் வரி. அக்காவுக்குக் கோபம் வந்துடுச்சு. “கேலி பண்ணத் தெம்பு இருக்கு, எழுந்திருக்கத் தெம்பு இல்லையா?”ன்னு கேட்டுட்டா. அவர் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு நான் தண்ணி வைக்கப் போனப்போ தலையணை ஈரமா இருந்துச்சு.

சனிக்கிழமை நான் அக்காவைப் பிடிச்சு விளாசிட்டேன். “ஊருக்கெல்லாம் பொறுமையா ‘இதுவா, அதுவா’ன்னு கேட்கிற. கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? நேரா நம்பர் எழுதிட்டே”ன்னு கத்தினேன். அவளும் சளைச்சவ இல்ல. “உனக்கு வேதமும் தெரியாது, புருஷனும் கிடையாது, நீ பேசாதே”ன்னு சொல்லிட்டு, கையில இருந்த வேதத்தைத் தொப்புன்னு மேஜையில வச்சா. அடியில இருந்தது அவளோட மூக்குக்கண்ணாடி. ஒரு கால் தனியா, ஒரு சில்லு தனியா. கண்ணாடிக்காரியோட கண்ணாடி. மறுநாள் ஞாயிறு, கடை லீவு. அவசரத்துக்குப் போட்டுக்க மாத்து வச்சிருந்தாளான்னு கேட்காதீங்க. வாத்தியார் பிள்ளை மக்கு, வேற என்ன.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில வாசிக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. முந்தின நாள் சண்டை அப்படியே இருக்கு, ஆனா வாசிப்பை நிறுத்த முடியாதே. வழக்கமான வரிசையில அவ லூக்காவை மூணாவது சுத்து படிச்சுக்கிட்டு இருந்தா. அன்னைக்குப் பகுதி, இயேசு பிடிபடுறதுக்கு முன்னாடி தோட்டத்துல ஜெபம் பண்றது. நான் உர்ருன்னு முகத்தை வச்சுக்கிட்டு வாசிச்சுக்கிட்டே போனேன். ஜெபம் முடிச்சு எழுந்து வர்றார், சீஷர்கள் துக்கத்தினாலே தூங்கிக்கிட்டு இருக்கிறதைப் பார்க்கிறார்.

“தூக்கத்தினாலே”ன்னு அக்கா திருத்தினா. கண்ணை மூடிக்கிட்டே, மனப்பாடமா.

“துக்கத்தினாலே.”

“தூக்கம்டி. நெடில்.”

“துக்கம்க்கா. குறில். தூக்கத்தினாலே யாராவது தூங்குவாங்களா? பசியினாலே பசிக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“களைச்சுப்போன ஆளுங்க, தூக்கம் தாங்கல. பதினோரு வருஷமா சனிக்கிழமை வேத வகுப்புல சொல்லிக்கிட்டு வர்றேன். நாளைக்குக் கடைக்கு வா, உன் கண்ணைப் பார்க்கிறேன்.”

எனக்கு மூக்குக்கு மேல கோபம். போய் பழைய நோட்டையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்து போட்டேன். ரெண்டாம் நோட்டு, நடுப்பக்கம், அவ கையெழுத்து முத்து முத்தா. ‘தூக்கத்தினாலே.’ இடது பக்கத்துல ஒண்ணுமே எழுதல, வெறும் காகிதம். பக்கத்துலயே அச்சுப் புத்தகத்தை வச்சேன். ‘துக்கத்தினாலே.’ அவ பூதக்கண்ணாடியை எடுத்து முதல்ல நோட்டைப் பார்த்தா, அப்புறம் புத்தகத்தைப் பார்த்தா. மறுபடியும் நோட்டை. ஒரு சுழி. எழுதும்போது கை ஒரு சுழி கூடப் போட்டுருச்சு. பிறகு பதினோரு வருஷமா புத்தகத்தைப் பார்த்தும் அவ படிச்சது நோட்டைத்தான்.

ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். அவ முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளயே நின்னுடுச்சு.

“துக்கத்தினாலே”ன்னு அவ மெதுவாச் சொன்னா. “அப்படின்னா அவங்க சோம்பேறிங்க இல்ல. ஓடிப்போனவங்களும் இல்ல. தாங்க முடியாம தூங்கினவங்க.” படுக்கையறைக் கதவுப் பக்கம் திரும்பினா. “நான் இதை விட்டுட்டேனேடி. மூணாவது ஒரு தூக்கம் இருந்திருக்கு. நான் அதுக்கு இடது பக்கமே தேடல.”

தேட அஞ்சு நிமிஷம்கூட ஆகல. கண்ணாடி இல்லாமலே பக்கத்தைத் தடவித் தடவித் திருப்பினா. எலியா. மலை மேல ஊரே பார்க்க ஜெயிச்சு நின்ன மனுஷன். ஜெயிச்ச மறுநாளே உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடி அடியில உட்கார்ந்து, போதும், என்னை எடுத்துக்கோன்னு சொல்லிட்டுத் தூங்கிடுறான். நான் வாசிச்சேன். தேவதூதன் வர்றான். அவனைத் தொடுறான். சுட்ட ரொட்டியும் தண்ணியும் தலைமாட்டுல இருக்கு. எலியா சாப்பிடுறான், திரும்பப் படுத்துக்கிறான்.

“நிறுத்து”ன்னா அக்கா. “திரும்பப் படுத்தப்போ தூதன் என்ன சொன்னான்?”

பார்த்தேன். “ஒண்ணும் சொல்லல.”

“திட்டலையா?”

“திட்டல. ரெண்டாவது தடவை வந்து தொட்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, போற வழி தூரம்னு மட்டும் சொல்றான்.”

அக்கா அழுதா. அவ அழுது நான் பார்த்தது எங்க அப்பா போனப்போதான். “ஜெயிச்ச மனுஷன்டி. எல்லாரும் கைதட்டினோம். ஒருத்தர்கூட என்ன ஆச்சுன்னு கேட்கலையே. நான் கேட்கலையே”ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அன்னைக்கு அவ பத்து நிமிஷம் உட்காரல. முகத்தைக் கழுவிட்டு, ரெண்டு ரொட்டித் துண்டைச் சுட்டா, ஒரு செம்புல தண்ணி எடுத்தா. திரையை இழுக்கல. போர்வையை உருவல. தட்டைத் தலைமாட்டுல வச்சுட்டு, அவர் தோளைத் தொட்டா. “சாப்பிட்டுட்டுத் தூங்குங்க” அவ்வளவுதான் சொன்னா. அவர் ஒரு துண்டைச் சாப்பிட்டுட்டுத் திரும்பிப் படுத்தார். அவ பக்கத்துல உட்கார்ந்தே இருந்தா. மத்தியானம் மறுபடியும் தொட்டா, மறுபடியும் ரொட்டி.

சாயங்காலம் அவரே பேசினார். நான் வாசல்ல நின்னு கேட்டேன், ஒட்டுக் கேட்டேன்னே வச்சுக்குங்க. “சரிவுல இறங்கும்போது மேல இருக்கிற கண்ணாடியைப் பார்த்தேன்ம்மா. எல்லா முகமும் தெரிஞ்சுது. ஒரு பொண்ணு கைக்குழந்தைக்குக் குல்லா மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுமே தெரியாது. கண்ணை மூடினா மதில் வரவே மாட்டேங்குது. சாலை இறங்கிக்கிட்டே இருக்கு.” அக்கா குறுக்க ஒரு வசனம்கூடச் சொல்லல. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

திங்கள்கிழமை எட்டு மணிக்கு டிப்போவுல ஆஜரானது அக்கா. துணைக்கு நான். மேலாளர் நல்ல மனுஷன்தான், ஆனா சட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். “அவருக்கு என்னம்மா? டாக்டர் ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காரே.”

“துக்கம்.”

“அடடா. யார் தவறிட்டாங்க?”

“யாரும் தவறல சார். பஸ் நிக்கலைன்னா முப்பத்தாறு பேர் தவறியிருப்பாங்க. அவங்க எல்லாரையும் இவர் ஒருத்தர் தினம் பார்த்துக்கிட்டு இருக்கார்.”

மேலாளர் கடிதத்தைக் கீழ வச்சுட்டார். அவரும் பத்து வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சீட்டு வாங்கிட்டு வாங்க, லீவு நான் பார்த்துக்கிறேன்னார். அந்த டாக்டரும் அக்கா சொன்னதையேதான் வேற வார்த்தையில சொல்லி, மாத்திரையும் குடுத்து, வாரம் ஒரு தடவை வந்து பேசச் சொன்னார். முப்பது நாள் லீவு கிடைச்சுது. அந்த ரொட்டியைச் சாப்பிட்டு எலியா நடந்தது நாற்பது நாள். நாற்பதே குடுத்திருந்தா எங்க அக்காவைப் பிடிக்க முடிஞ்சிருக்காது, ஆண்டவருக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கடை மூடினதுக்கு அப்புறம் கண் பார்க்கிற அறையில வேதம் படிக்க வர்ற ஆறு பேர் முன்னாடி அக்கா எழுந்து நின்னா. “பதினோரு வருஷமா ஒரு எழுத்தைத் தப்பாப் படிச்சு, உங்களுக்கும் தப்பாவே சொல்லிக் குடுத்துட்டேன். நோட்டுல திருத்திக்குங்க”ன்னு சொன்னா. குழாய் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர், “என் தம்பியும் இப்படித்தான் படுத்தே கிடக்கான், நான் தினம் வைவேன்”னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அன்னைக்கு அதுக்கு மேல வாசிப்பு நடக்கல. அவர் தம்பியைப் பத்தித்தான் பேசினாங்க.

அத்தான் ஒரே நாள்ல எழுந்துடல. ஒரு வாரம் கழிச்சு சவரம் பண்ணினார். ரெண்டாம் வாரம் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் அக்காவோட பத்து நிமிஷத்துக்கு நடுவுல, நல்லாச் சத்தமாக் குழாயைத் திறந்தார். நான் நுரையோட நின்னவ அப்படியே உறைஞ்சு போயிட்டேன். அக்கா கண்ணைத் திறக்கல. ஆனா சிரிச்சா.

முப்பத்தோராம் நாள் காலையில அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டார். ஷூ துடைச்சார். அக்கா ‘எழுந்திருங்க’ன்னு அந்த முப்பது நாளும் ஒரு தடவைகூடச் சொல்லல. அன்னைக்கும் சொல்லல. சுட்ட ரொட்டியைத் தாள்ல சுத்தி, தண்ணி பாட்டிலையும் கையில குடுத்துட்டு, அவர் தோளைத் தொட்டா.

“சாப்பிட்டுக்குங்க. போற வழி தூரம்.”

அத்தான் அவளைப் பார்த்தார். “நம்ம ரூட்டு பதினோரு கிலோமீட்டர்தான்ம்மா”ன்னார்.

முதல் நடை பஸ்ஸுல ரெண்டு டிக்கெட் எடுத்து நானும் அக்காவும் முன்னாடி சீட்டுல உட்கார்ந்தோம். இருபத்தாறு வருஷத்துல அவ கடைக்கு லேட்டாப் போனது அன்னைக்குத்தான். பாலத்துக்கு இறங்குற சாலை வந்ததும், மேல இருந்த கண்ணாடியில அவர் கண்ணு எங்களைத் தேடுச்சு. அக்கா கண்ணை மூடல. ரெண்டு கண்ணையும் நல்லாத் திறந்து, பஸ் கீழ போய்ச் சேர்ற வரைக்கும் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா.